மைலோ டின்னில் போட்ட பெயர்

4 பெப்ரவரி 2025, செவ்வாய்

குசினிச் சுவரில் தொங்கும் கோயில் கலண்டரை இன்று மேலிருந்து கீழ்வரை வாசித்து முடித்தேன். நல்ல நேரம், இராகு காலம், கேரம் டவுன்ஸ் கோயிலில் பிரதோஷ பூசை, அடியில் அச்சடித்தவர்களின் பெயர். ஒன்றையும் விடவில்லை. வீட்டுக்கார அம்மா யோகா தேத்தண்ணீரோடு வந்து, "என்ன அங்கிள், கலண்டரோட சண்டையோ?" என்றார்.

"சண்டை முடிஞ்சுது. நான்தான் வெண்டது" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் நான் தமிழ் வகுப்புக்குப் போவது தெரியும். இன்னும் அ, ஆவில் நிற்கிறேன் என்று நினைக்கிறார். நினைக்கட்டும்.

எழுபத்து மூன்று வயதில் எனக்கு எழுத்து வந்திருக்கிறது. கடலுக்குப் போன காலத்தில் வரவில்லை. அகதி முகாமில் வரவில்லை. இந்த வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்த பன்னிரண்டு வருடமும் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. இவ்வளவையும் எழுத முக்கால் மணி நேரம் பிடித்தது. கை நோகிறது. நல்ல நோவு.

6 பெப்ரவரி, வியாழன்

இன்று பயிற்சி நாள். எங்கள் தமிழ்ப் பெண்கள் கூடைப்பந்து அணி விளையாடும் அரங்கில் தரை துடைப்பது என் வேலை. மஞ்சள் சட்டை அணி என்றால் இந்த டண்டினோங் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தோற்பதால் தெரியும்.

பிள்ளைகள் வருவதற்கு முன் ஈர மொப்பால் தரையில் எழுதிப் பார்த்தேன். 'வினுஷா' என்று இரண்டு ஆள் நீளத்துக்கு எழுதினேன். கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிட்டது. தனியே நின்று சிரித்தேன்.

வினுஷா யோகாவின் மகள். இருபத்து மூன்று வயது, ஆறடி உயரம். போன ஏப்ரலில் வலது முழங்காலுக்குள் நார் அறுந்து, வெட்டித் தைத்தார்கள். பத்து மாதம் ஆகிவிட்டது. இந்த வருடம் அணிகளுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் பட்டியலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, எங்களோடு பயிற்சிக்கு வருகிறாள். இந்தக் கொப்பியைத் தந்ததும் அவள்தான். முன்பக்கங்களில் அவளுடைய பள்ளிக்கூடக் கணக்கு இருக்கிறது. தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. அவளுடைய பெயரைத் தமிழில் எழுதிக் காட்டியபோது, "ஓ மை காட் அங்கிள், நீங்கள் என்னை முந்திட்டீங்கள்" என்றாள்.

பயிற்சி முடிந்து துடைக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஓடிவந்து சட்டென்று நிற்கும் இடத்தில் சப்பாத்தின் கறுப்புக் கோடு விழும். அவள் நின்ற இடங்களிலெல்லாம் இடது கோடு இருந்தது. வலது கோடு ஓரிடத்திலும் இல்லை.

11 பெப்ரவரி, செவ்வாய்

'ழ' இன்று சரியாக வந்தது. நான்கு தரம்.

16 பெப்ரவரி, ஞாயிறு

பயிற்சியாளர் சச்சிதானந்தன் வீட்டில் கூட்டம். அவர், மனேஜர் வைதேகி, நான். எங்கள் அணியைத் தொடங்கிய வாசுதேவன் மாஸ்டர் வைத்துவிட்டுப் போன வழக்கம் இது. ஆளைத் தெரிவு செய்ய மூன்று துண்டுக் காகிதம், ஒரு பழைய மைலோ டின். மூன்றாவது துண்டு தரை துடைக்கிறவனுக்கு. யார் உண்மையாக ஓடுகிறார்கள், யார் ஓடுவதுபோல நிற்கிறார்கள் என்பது அவனுக்குத்தான் தெரியும் என்பார் மாஸ்டர். இத்தனை வருடமும் நான் சச்சியின் காதில் பெயரைச் சொல்வேன், அவர் எழுதிப் போடுவார். இந்த வருடம் நானே எழுதப் போகிறேன்.

தெரிவு மார்ச் 2, ஞாயிறு. மொத்தம் ஆறு அணிகள், முறைவைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும். கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. போன வருடம் நாங்கள் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை, ஆகையால் முதல் தெரிவு எங்களுக்கு. வினுஷாவை எடுப்பதா, பார்கவியை எடுப்பதா என்பதுதான் கேள்வி.

"இவள் மாதிரிப் பிள்ளை பத்து வருசத்துக்கு ஒருக்காத்தான் வரும். சும்மா நிண்டாலே மற்றவை விலகுவினம்" என்றார் சச்சி.

"நிக்கட்டும் சார். ஓட முடியுமா?" என்றார் வைதேகி. அவர் சென்னைக்காரர், டார்னெய்டில் இருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டி வருகிறவர். "பார்கவி சுமாராத்தான் ஆடுவா. ஆனா எல்லா மேட்சும் ஆடுவா."

"உங்கட டார்னெய்ட் பிள்ளை எண்டபடியாத்தானே?"

"டார்னெய்ட்லயும் முட்டி இருக்கு சார். கிழியாத முட்டி."

நான் சிரித்துவிட்டேன். சச்சி என் பக்கம் திரும்பினார். "சிரிக்காதேங்கோ. தரை என்ன சொல்லுது, மார்க்கண்டண்ணை?"

வலது கோடு இல்லாததைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவள் நான் இருக்கும் வீட்டுப் பிள்ளை. "இன்னும் பாக்க வேணும்" என்றேன்.

21 பெப்ரவரி, வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் சுவரில் இருக்கும் சாமித் தட்டைத் துடைப்பது நான். யோகா வேலைக்குப் போயிருந்தார். பிள்ளையாருக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. மடிக்கவில்லை. விரித்து, மேலே விபூதிக் கிண்ணத்தை வைத்திருந்தார். பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் யாரும் எனக்கு முன்னால் ஒரு காகிதத்தை மடித்ததில்லை. எதற்கு மடிக்க வேண்டும்?

தமிழ் எழுத்தைக் கண்டதும் கலண்டரை வாசிப்பதுபோல வாசிக்கத் தொடங்கினேன். சந்தோஷமாகத்தான் தொடங்கினேன். பாதியில் நிறுத்தியிருக்கலாம். எனக்கு அப்படி நிறுத்த வராது. சொல்லை முடித்த பிறகுதான் அது என்ன சொல் என்று தெரிகிறது.

"பிள்ளையாரே, வினுஷாவின்ர கால் நார் திரும்பவும் அறுந்து போச்சு. ஸ்கேனில தெரியுது. ஜூனில திரும்ப வெட்ட வேணும். பட்டி கட்டிக்கொண்டு விளையாடுவன் எண்டு நிக்கிறாள், நான் சொல்லிக் கேக்கிறாள் இல்லை. வெளியில சொன்னால் வெஸ்ட்மீட்டில பேசின கலியாணம் நிண்டு போகும். நீதான் பாக்க வேணும். அந்த ஞாயிறு ஒருத்தரும் என்ர பிள்ளையின்ர பேரைக் கூப்பிடக் கூடாது. நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறன்."

கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். சாமிக்கு எழுதினதை நான் வாசிச்சுப் போட்டன். நான் ஆர் அதை வாசிக்க?

22 பெப்ரவரி, சனி

வாசிக்கத் தெரியாதவன் எப்படி முகத்தை வைத்திருப்பான்? மறந்துவிட்டது. போன வருடம்வரை அதுதான் நான்.

25 பெப்ரவரி, செவ்வாய்

ஒரு பெயரைப் பத்துத் தரம் எழுதச் சொன்னார் சிவனேஸ்வரி ரீச்சர். 'பார்கவி' என்று பத்துத் தரம் எழுதினேன்.

"ஆர் இந்தப் பார்கவி? பேத்தியோ?"

"இல்லை ரீச்சர். வடிவாத் தெரியாத பிள்ளை."

"தெரியாத பிள்ளைக்கு இவ்வளவு வடிவான எழுத்தோ!" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எழுத்து வடிவாகத்தான் இருந்தது.

27 பெப்ரவரி, வியாழன்

பயிற்சிக்கு முன் வினுஷாவிடம் கேட்டேன். "பிள்ளை, கால் எப்பிடி?"

"சூப்பர், அங்கிள்." ஒரு தரம் துள்ளிக் காட்டினாள். இடது காலில் இறங்கினாள்.

எனக்குத் தெரியும் என்று சொல்ல இரண்டு சொல் போதும். எப்படித் தெரியும் என்று கேட்பாளே. மொப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

2 மார்ச், ஞாயிறு

தெரிவு முடிந்தது.

மண்டபத்தில் ஆறு மேசைகள். மாஸ்டரின் வழக்கத்தை மற்ற அணிகளும் எடுத்துக்கொண்டதால் மேசைக்கு ஒரு டின். பெயர் கொடுத்த பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். யோகா மூன்றாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். ஓர் அணிக்குப் பத்து நிமிடம். எனக்கு ஒரு பெயர் எழுத மூன்று நிமிடம் போயிற்று. சச்சி என் தோளில் தட்டினார். "அண்ணை, நீங்களா எழுதுறியள்!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர் கை தட்டினார்கள். அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அதை என்ன செய்வது?

சச்சி டின்னைக் கவிழ்த்தார். பார்கவிக்கு இரண்டு, வினுஷாவுக்கு ஒன்று. பார்கவியின் பெயரைக் கூப்பிட்டார்கள். யோகா கண்ணைத் திறந்து நெஞ்சில் கை வைத்தார். பிள்ளையார் என் விரலைப் பிடித்து எழுதியிருக்கிறார் என்றுகூட நினைத்தேன்.

அடுத்தது நீலச் சட்டை அணி. அவர்கள் பத்து நிமிடம் எடுக்கவில்லை. ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. எங்கள் கையில் இருந்து தவறியதை ஓடிவந்து பொறுக்குவதுபோல, "வினுஷா!" என்று கூப்பிட்டார்கள். மண்டபம் கை தட்டியது. யோகாவும் தட்டினார். வேறு என்ன செய்வார்?

நான் என்ன நினைத்துக்கொண்டு வந்தேன்? ஆறு அணி இருக்கிறது, ஆறு டின் இருக்கிறது. என் துண்டு ஒரு டின்னுக்குள்தானே விழுந்தது.

4 மார்ச், செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை.

வினுஷா என் அறை வாசலில் வந்து நின்றாள். "அங்கிள், சச்சி அங்கிள்ட மேசையில ஒரு துண்டுதான் தமிழில இருந்தது."

கொப்பியை மூடி வைத்தேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா என்ர பேர் எப்பிடி இருக்கும் எண்டு தெரியும். நீங்கள்தானே எழுதிக் காட்டினீங்கள். அது என்ர பேர் இல்லை."

"பிள்ளை, உன்ர கால்—"

"காலுக்கு என்ன? ஐ ஆம் ஃபைன்! எல்லாரும் சொல்லட்டும், நீங்களுமோ?" கண் கலங்கியிருந்தது. "பாருங்கோ. முதல் மேட்ச் உங்களோடதான். நல்லாப் பாருங்கோ."

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கதவு சாத்திய பிறகும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

9 மார்ச், ஞாயிறு

சாமித் தட்டில் துண்டு அப்படியே இருக்கிறது. யோகா என்னோடு வழக்கம்போலக் கதைக்கிறார். இன்று இடியப்பம்.

23 மார்ச், ஞாயிறு

நீலமும் மஞ்சளும். அவள் இப்படி விளையாடி நான் பார்த்ததில்லை. அரைவாசி ஆட்டத்துக்குள் பதினேழு புள்ளி. பந்து கூடைக்குள் விழும்போதெல்லாம் திரும்பி மூலையைப் பார்த்தாள். மூலையில் மொப்போடு நின்றது நான். மற்ற யாருக்காகவும் அவள் விளையாடவில்லை. எனக்குக் காட்டத்தான் விளையாடினாள்.

ஒரு தரம் கை தட்டினேன். நிறுத்த வேண்டியவன் கை தட்டினேன்.

இடைவேளைக்குப் பிறகு கூடைக்குக் கீழே துள்ளி இறங்கினாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை, ஒருவரும் இடிக்கவில்லை. இந்தத் தரம் வலது காலில் இறங்கினாள். அவள் கத்தியதைக் கேட்டு அரங்கம் அடங்கியது. யோகா செருப்போடு கோர்ட்டுக்குள் ஓடினார். நான் பன்னிரண்டு வருடமாக ஒருவரையும் செருப்போடு உள்ளே விட்டதில்லை.

தூக்கிக்கொண்டு போனபின் நடுவர் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். வியர்வை ஈரத்தைத் துடைக்க வேண்டும், ஆட்டம் தொடர வேண்டும். போனேன். வலது சப்பாத்தின் கோடு அங்கே இருந்தது. ஒரு முழ நீளம், நல்ல கறுப்பு. மொப்புக்குப் போகவில்லை. குந்தியிருந்து துணியால் தேய்த்தேன்.

நாங்கள் இரண்டு புள்ளியால் வென்றோம். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் வெற்றி. பார்கவி நான்கு புள்ளி எடுத்தாள்.

24 மார்ச், திங்கள்

ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்ல நான்? சச்சியிட்ட. இல்லாட்டி அந்த நீலச் சட்டைக்காரரிட்ட. வலது கோடு விழேல்ல, தரை சொல்லுது எண்டால் போதுமே. துண்டைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. தரை துடைக்கிறவன்ர வாய்க்கு அந்த அளவு மரியாதை தந்தவைதானே—

15 ஏப்ரல், செவ்வாய்

இந்த முறை நாரோடு உள்ளே இருக்கும் மெத்தைபோன்ற சவ்வும் போய்விட்டதாம். ஜூனில் வெட்டுவார்கள். நடக்கலாம், படி ஏறலாம். பந்து இனி இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். யோகா குசினியில் நின்று அக்காவோடு தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். வெஸ்ட்மீட்காரர் இரண்டு கிழமையாக அழைப்பை எடுக்கவில்லை.

சச்சி கேக்கோடு வந்தார். "மார்க்கண்டண்ணை, உங்கட துண்டுதான் எங்களைக் காப்பாத்தினது. வாசுதேவன் மாஸ்டர் சும்மாவோ அந்த வழக்கத்தை வச்சவர்! எப்பிடிப் பிடிச்சனீங்கள்?"

"தரை" என்றேன். சொல்ல வேண்டிய நாளில் வராத சொல் இன்று எவ்வளவு இலகுவாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருந்தாள். கேட்டிருக்கும்.

18 ஏப்ரல், வெள்ளி

சாமித் தட்டில் புதுத் துண்டு. திறந்தபடி. தட்டைத் துடைக்காமல் விட்டேன்.

12 ஜூன், வியாழன்

மழை. வெட்டி எட்டு நாளாகிறது. யோகா வேலைக்குப் போய்விட்டார். வினுஷா குசினியில் ஒரு கதிரையில் இருந்து, மற்றக் கதிரையில் காலை நீட்டியிருந்தாள். நான் மேசையின் இந்தப் பக்கம் இருந்து எழுதினேன். அவளுக்கென்றுதான் எழுதினேன். கோடு, துண்டு, பிள்ளையார், ஆறு டின், கை தட்டியது, எல்லாம். விடிந்ததில் இருந்து மதியம்வரை இரண்டு பக்கம். நான் எழுதியதில் இதுதான் நல்ல எழுத்து. ஒரு வெட்டுக்கூட இல்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். விரலை நீட்டினாள். "இது என்ர பேர்தானே?"

"ஓம். உன்ர பேர்தான்."

"மிச்சம் என்ன? வாசியுங்கோ பாப்பம்."

கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து விரலை முதல் சொல்லில் வைத்தேன். "வினுஷா கதிரையில இருக்கிறாள்" என்று வாசித்தேன். "இண்டைக்கு மழை. உடுப்புக் காயேல்ல."

"ரெண்டு பக்கமும் அதுவோ?"

"நான் மெதுவாத்தானே எழுதுவன்."

சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு என்னோடு சிரித்தது இன்றைக்குத்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டாள்.

கொப்பியை அவளுக்கு முன்னால் விரித்தபடியே விட்டுவிட்டுத் தேத்தண்ணீர் வைக்க எழுந்தேன். இரண்டு கோப்பையோடு திரும்பி வந்தபோதும் அதே பக்கம்தான் விரிந்திருந்தது.