பச்சைக்கு அடியில் பதினாறு வீடு

உறையைப் பிரித்ததும் அந்துருண்டை வாசம் அடித்தது. உன் சேலைகளுக்கு நடுவில் கிடந்ததாம். உன் காரியம் முடிந்த மறுவாரம், உன் அக்கா எப்படியோ என் முகவரியைத் தேடிப்பிடித்து சுபாங் ஜெயாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். "உறைக்குப் பின்னால உங்க பேரு இருந்துச்சு. அவ உங்ககிட்ட கொடுக்கச் சொல்லல, ஆனா தூக்கிப் போடவும் விடல," என்றார். உள்ளே பழுப்பேறிய ஒரு துண்டுத் தாள். என் கையெழுத்து.

உன்னிடமிருந்து எது வந்தாலும் இதில் என்ன உள்குத்து இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வழக்கம். நீ போன பிறகும் அந்தப் புத்தி என்னை விடவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் டயர் கடைக்கு மேல்மாடியில் நம் வரைபட ஆபீஸ். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கம்ப்யூட்டரில் மேப் என்றால் வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்து பார்த்த காலம். ஊரைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஆற்றுக்கு ஒரு படம், வீடுகளுக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று, பெயர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்வோம். கம்ப்யூட்டர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே படமாக்கும். எது முதலில், எது அடுத்து என்ற வரிசையை ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருந்தோம். எழுதியது நான். வீடுகளை வரைவது உன் வேலை.

நான் இன்னும் வேலை உறுதியாகாத புது ஆள். நீ நாலு வருஷ ஆள். உன் அப்பா அரசாங்க உத்தியோகம், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. நான் கிள்ளான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவள். உன் சாப்பாட்டில் பாதியை என் தட்டில் நீ வைத்தபோதுகூட, இவளுக்கு என்ன வேண்டுமாம் என்றுதான் நினைத்தேன்.

டவுன் சதுரங்கள் முடிந்து முதல் தோட்டச் சதுரம் வந்தது. எங்கள் தோட்டம். அதை வாங்கப்போகிற கம்பெனிக்கான மேப். அதில் இருக்கிற வீடுகளுக்குத்தான் மாற்று வீடு என்று பேச்சு. அம்மா அங்கேதான் இருந்தாள். திரையில் படம் வந்தது. ஒரே பச்சை. மண் சாலை மட்டும் வீடில்லாத இடத்தில் போய் முடிந்தது. லயத்து வீடு பதினாறில் ஒன்றுகூட இல்லை.

டவுன் வீடுகளெல்லாம் அப்படியே இருக்க, எங்கள் வீடு மட்டும் எப்படிக் காணாமல் போகும்? முந்தின நாள் அந்தக் கம்பெனிக்காரர் உன் மேசையருகே நின்று சிரித்துப் பேசியதை நான் பார்த்திருந்தேன். எனக்கு அது போதாதா?

"எங்க வீடெல்லாம் எங்கடி? எவன் சொல்லி அழிச்ச? திருடி!" ஆபீசே எழுந்து நின்றது.

நீ திரையைப் பார்த்தாய். பக்கத்திலிருந்த தாளைப் பார்த்தாய். பிறகுதான் என்னைப் பார்த்தாய். "கத்தாத லா. வீடு இருக்கு. நாளைக்கு வந்து பாரு."

மறுநாள் பதினாறு வீடும் இருந்தன. மாட்டிக்கொண்டதும் திருப்பி வைத்துவிட்டாள் என்றேன். என் தாளைக் காணோம். அந்த இடத்தில் உன் கையெழுத்தில் ஒரு புதுத் தாள். அதில் ஒரு வரியைக்கூட நான் வாசிக்கவில்லை. தடயத்தை மறைத்துவிட்டாள் என்று நேரே பாஸிடம் போனேன். அவர் கேட்டதற்கு, "என் தப்புதான் பாஸ்," என்றாய். அந்த மாதக் கடைசியோடு உன்னை நிறுத்திவிட்டார். படியில் என்னிடம் ஏதோ சொல்ல வந்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நீ திருத்திய மேப்பைக் காட்டித்தான் அம்மாவுக்கு ஒரு பிளாட் கிடைத்தது. கடைசிவரை அங்கேயே இருந்தாள். அவளிடமும் உன்னைத் திட்டித்தான் பேசியிருக்கிறேன்.

உன் அக்கா எதிரில் இருக்கும்போதே என் தாளைப் பார்த்தேன். ஆறு, வீடு, சாலை, பெயர். தோட்டத்துப் பச்சையும் வேண்டும் என்று பாஸ் சொன்ன அன்று, வீட்டுக்கும் சாலைக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் 'பச்சை' என்று நுணுக்கி எழுதியவள் நான்தான். முதலில் எழுதியது அடியில் போகும். பிறகு எழுதியது அதன்மேல் வந்து மூடும். டவுனில் மூடுவதற்குப் பச்சை இல்லை. தோட்டத்தில், எங்கள் வீடுகளின் மேலேயே நான் பச்சையைப் பூசியிருக்கிறேன். உன் பென்சில் அந்தச் சொல்லுக்கு வட்டம் போட்டு, வீட்டுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க ஓர் அம்பு இழுத்திருக்கிறது.

இதை நீ பாஸிடம் காட்டியிருந்தால் அன்றே என் சீட்டு கிழிந்திருக்கும். அப்படியானால் என்னைக் காப்பாற்றினாயா? காப்பாற்றியவள் இத்தனை வருஷம் இதை ஏன் பத்திரமாக வைத்திருந்தாய்? என்றாவது என் முகத்தில் எறியவா? இல்லை, நானே ஒருநாள் தேடிவருவேன் என்று காத்திருந்தாயா? பார், இப்போதும் உன்னைத்தான் விசாரிக்கிறேன். பாவி நான்.

"என்னம்மா அது?" என்று உன் அக்கா கேட்டார்.

"பழைய ஆபீஸ் பேப்பர்க்கா, ஒண்ணுமில்ல."

அவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். அன்றிலிருந்து அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். ஆபீசே கேட்க உன்னைத் திருடி என்று கத்த எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. நீ திருடி இல்லை என்று உன் அக்காவிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.