சத்தமாகக் கேட்கவும்

அன்புள்ள அப்பாவுக்கு,

இளவேனில் எழுதறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

உங்க பழைய கேசட்டுகளை டப்ளினுக்கு எடுத்துட்டு வந்தேன்ல, அதுல இத்தனை நாள் கண்டுக்காம விட்ட ஒண்ணை நேத்து போட்டேன். ஆரம்பகால பங்க் ராக், இங்கிலீஷ் பாட்டு. ஒரு பொண்ணு தொண்டை கிழியக் கத்துறா. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார், நான் குறைக்கலை. அட்டையில உங்க கையெழுத்து: "சத்தமாகக் கேட்கவும்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நாம இருந்த கைலாசபுரம் குவார்ட்டர்ஸ்ல நான் வாயைத் திறந்தாலே, "பொம்பளப் பிள்ளை, மெதுவா பேசு"ன்னு அடக்கினது நீங்கதானே? ஊரான் பொண்ணு கத்தினா ரசிப்பீங்க, உங்க பொண்ணு பேசினா முறைப்பீங்களா?

பருப்புப்பொடி தீர்ந்துபோச்சு, அம்மாகிட்ட அனுப்பச் சொல்லுங்க. ஷிப்டுக்கு நேரமாச்சு.

ஞாயித்துக்கிழமை கூப்பிடுவேன். சத்தமாத்தான் பேசுவேன். போனை வெச்சிடாதீங்க.

இளவேனில்