திகதி எழுதிய உள்ளிப் பாண்

மகளுக்கு,

எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நீ ரொறன்ரோவில் சொல்லித் திரிவது பொய்.

விசாரணை என்று உன் தம்பியை வெள்ளவத்தையில் ஜீப்பில் ஏற்றிப் பதினாலு மாதமாகிறது. வந்ததும் அவன் கேட்கப்போவது உள்ளிப் பாண்தான். பேக்கரிப் பாணைக் கீறி, உள்ளிப்பூண்டு குழைத்த பட்டர் தடவி, அலுமினியத் தாளில் சுற்றி, திகதி எழுதி ஃப்ரீசரில் வைக்கிறேன். மாதம் முடிந்தால் அதை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்கிறேன். குழம்பியவள் திகதி பார்ப்பாளா?

"ஆருக்கு அன்ரி இன்னும் சுத்தி வைக்கிறியள்?" என்றாள் கீழ்வீட்டு ஜெசிந்தா.

"என்ர பிள்ளைக்கு" என்றேன்.

அதன் பிறகுதான் அவள் நீ செய்ததைச் சொன்னாள். என்னைக் கேட்காமல் அவனுக்கு நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுத்திருக்கிறாய்.

அவன் இறந்துவிட்டான் என்று உனக்கு யார் சொன்னது? தொலைபேசியில் அழ வேண்டாம். எழுதிப் பதில் அனுப்பு.

உங்கள் இருவரினதும் அம்மா