முதல் சுற்றில் ஆடியவள்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இங்கே எங்கள் பொழுது போகிறது. எங்களுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் முழங்கால் வலிகூடக் குறைந்திருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனிதர் வாசலைத் தாண்டவில்லை. போனில் சொல்லலாமென்று இரண்டு தரம் எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் காய்கறி விலையைப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். நம் கண்டத்து இறகுப்பந்து சாம்பியன்ஷிப் தொடங்கி அறுபது வருஷம் ஆகிறதென்று கிளப்பில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். இந்த ஊரிலிருந்து அதில் ஆடியவள் நீ ஒருத்திதான் என்பதால், செயலாளர் உன் படம் கேட்டு வீட்டுக்கே வந்தார். எந்தச் சுற்றுவரை போனாள் என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் தயங்காமல் அரையிறுதி என்றார். நான் தேநீர்த் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அதுமட்டுமா, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கண்காட்சிக்கும் போனேன். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் உன் படம், கீழே கொட்டை எழுத்தில் அரையிறுதி வீராங்கனை என்று போட்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, பெத்தா இப்படிப் பெக்கணும் என்றாள். நானும் சிரித்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டேன்.

பேச வந்தவர் ஒரு பழைய வீராங்கனை, இடது கைக்காரி, இப்போது பயிற்சியாளராம். போட்டியின் கதையை என்ன அழகாகச் சொன்னார் தெரியுமா. முதல் வருஷம் மண்டபம் கிடைக்காமல் தானியக் கிடங்கில் ஆடினார்களாம், உத்தரம் தாழ்வாக இருந்ததால் தூக்கி அடித்த பந்தெல்லாம் மரத்தில் முட்டி விழுந்ததாம். கோப்பையைக் கால்பந்துக்காரர்களிடம் இரவல் வாங்கி, படம் எடுத்ததும் ஜெயித்தவரிடமிருந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டார்களாம். ஒரு நாட்டு அணி கப்பல் தாமதமாகி, இறுதி ஆட்டம் முடிந்து விளக்கை அணைக்கும்போது வந்து சேர்ந்ததாம். பெண்களைச் சேர்க்கவே பல வருஷம் ஆனதாம், சேர்த்தபோதும் ஆண்கள் அடித்து இறகு பிய்ந்த பந்துகளைத்தான் கொடுத்தார்களாம். கூட்டம் சிரித்துச் சிரித்துக் கேட்டது. அப்பா முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பேசிக்கொண்டிருந்த அந்த வீராங்கனை உன் படத்தைப் பார்த்தார். இவங்களை எனக்குத் தெரியுமே, ஆனா அரையிறுதின்னு தப்பா போட்டிருக்கீங்க, முதல் சுற்றுலயே என்கிட்ட தோத்தாங்க என்றார். குத்தலாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். செயலாளர் அப்பாவைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் மனைவி என்னைப் பார்த்தாள். நாற்காலியோடு தரைக்குள் போய்விட்டால் தேவலை போல் இருந்தது எனக்கு.

அவர் அதோடு நிறுத்தவில்லை. கடைசி செட்டில் நீங்கள் இரண்டு பேரும் சமமாக இருந்தபோது, அவர் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததாம், நடுவர் உனக்குப் புள்ளி கொடுத்துவிட்டாராம். நீ கையைத் தூக்கினாயாம். "'என் மட்டையில உரசிட்டுத்தான் போச்சு, பாயிண்ட் அவங்களுக்கு'ன்னு நடுவர்கிட்ட சொன்னாங்க. அந்தச் சத்தம் எனக்கே கேக்கல. அதுக்கப்புறம் நான் கோப்பை வரைக்கும் போயிட்டேன். அதைத் துடைக்கும்போதெல்லாம் இவங்க ஞாபகம்தான் வரும்" என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தே இருந்தோம். ஒரு புள்ளிக்குக்கூடப் பொய் சொல்லாதவளைப் பெற்று வைத்துக்கொண்டு, உன் தோல்விக்கு வெட்கப்பட்டு நாங்கள் சுற்றுச் சுற்றாகப் பொய்யை அடுக்கியிருக்கிறோம். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது அப்பா, அவ இதை அன்னைக்கே நம்மகிட்ட சொல்லியிருக்கலாமே என்றார். எனக்குச் சுருக்கென்றது. தோத்துட்டேம்மா என்று நீ போன் செய்தபோது, சரி சாப்பிட்டியா என்றுதானே நான் கேட்டேன். அவர் போனைக் கையில் வாங்கவே இல்லை. நாம எங்க அவளைச் சொல்ல விட்டோம் என்றேன். அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

நேற்று செயலாளர் வந்து, படத்தை எடுத்துவிடட்டுமா என்று பதமாகக் கேட்டார். வேண்டாம், எழுத்தை மட்டும் மாத்துங்க, முதல் சுற்றுல தோத்தவங்கன்னே போடுங்க என்றார் அப்பா. ஒரு காகிதத்தில் அவரே எழுதியும் கொடுத்தார். அதைப் போய்ப் பார்க்கும் தைரியம் எங்களுக்கு இன்னும் வரவில்லை.

குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே. உன் தோள்வலிக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். அப்பாமேல் கோபம் வந்தால் என்னையும் சேர்த்தே கோபித்துக்கொள். இந்த வாரம் தானே கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கேட்க வாய் வராமல் போனால் நீயாகவே அந்த ஆட்டத்தைச் சொல்லம்மா. முதல் பந்திலிருந்து சொல். நாங்கள் குறுக்கே பேச மாட்டோம்.

வெட்கத்தோடும் ஆசியோடும்,
உன் அம்மா