கண் பரிசோதனை நாற்காலியில் நீங்கள் சொன்ன கதை

பொட்டலத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்ததும் சாமை உமியின் வாசம் வந்தது. உங்கள் சிறுதானியக் கடைக்குள் காலெடுத்து வைத்தால் மூக்கில் ஏறுமே, அதே வாசம். இரண்டு தும்மல் போட்டேன். மூன்றாவது தும்மலுக்கு முன்பே சந்தேகம் வந்துவிட்டது. இதை எனக்கு ஏன் கொடுத்தனுப்பினார்கள்?

உங்கள் மனைவி காசிம் பாயின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுத்துவிட்டு, "டிடிஆர் சார் கையில மட்டும் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். திருவானைக்காவலில் உங்கள் வீட்டில் இருந்து ஸ்ரீரங்கத்தில் என் வீடு கூப்பிடு தூரம். அதை விட்டுவிட்டு ஆற்றைத் தாண்டி மலைக்கோட்டைக் கடைவீதி நெரிசலுக்குள் நுழைந்து பாய் கடையில் கொடுப்பானேன்? பாய் அதை இரண்டு நாள் வைத்திருந்திருக்கிறார். பிரித்துப் பார்த்திருப்பாரோ? ஒட்டுநாடாவின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிரித்த தடயம் இல்லை. முப்பத்தைந்து வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவனுக்கு இந்தப் புத்தி போகுமா? நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, உங்கள் பொட்டலத்தையும் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே இருந்தது அந்தப் புத்தகம். காக்கி அட்டை போட்டு, மேலே பெயர் எதுவும் எழுதாமல், கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களே, அதுதான்.

நம் கூட்டம் என்றால் நாலே பேர். நீங்கள், நான், காசிம் பாய், தொலைபேசி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற வசந்தா மேடம். பாய் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தில் ஒரு ஞாயிறு நாலு மணிக்கு ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே போய் உட்காருவோம். முன் மாதமே ஒரு பொருளைப் பேசி வைத்திருப்போம். மழை, காத்திருப்பது, பொய், பசி, இப்படி ஏதாவது ஒன்று. அதற்கேற்ற தனக்குப் பிடித்த சினிமாவையோ புத்தகத்தையோ ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். பேசுகிறவர் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது பாய் வைத்த சட்டம். முடிவைச் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது என்பது நீங்கள் வைத்த சட்டம்.

உங்கள் சட்டத்தை நான் ஒரு தடவையும் மதித்ததில்லை. "அப்புறம் என்ன ஆச்சு? அவன்தான் செஞ்சானா, இல்லையா?" என்று மற்றவர்களைக் குடைவேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "தெரியாமப் போனா என்ன சார், தூக்கம் வராதா?" என்பீர்கள். வராதுதான். அன்றைக்கு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

வசந்தா மேடம் கணவனுக்காக நடைமேடையில் காத்திருக்கும் பெண்ணின் படத்தைச் சொல்லிக் கண் கலங்கினால், அந்தக் காலத்தில் அந்த வண்டிக்கு அந்த மாதிரிப் பெட்டியே கிடையாது என்பேன். பாய்க்குக் கண்ணில்லாதவர்களுக்குப் பார்வை வரும் படங்கள் என்றால் எரிச்சல். "கட்டைப் பிரிச்ச ஒடனே காதலி முகம் பளிச்னு தெரியுதாம். எவ்வளவு நாள் சொட்டு மருந்து போடணும் தெரியுமா?" என்பார். நீங்கள் மட்டும் யாரையும் மடக்கியதில்லை. உங்களுக்குக் குறையே தெரியாதா, அல்லது தெரிந்தும் நடிக்கிறீர்களா என்று அப்போதிருந்தே எனக்கு உங்கள் மேல் ஒரு கண்.

அந்தக் கண் வீண் போகவில்லை. நீங்கள் சொல்லும் புத்தகங்களை எங்களில் யாரும் படித்ததில்லை. பெயர் கேட்டால் சொல்வீர்கள், எழுதியவர் பெயர் கேட்டால் மறந்துவிட்டது என்பீர்கள். "பழைய பதிப்பு சார், இப்ப கெடைக்காது." ஒருவருக்கு ஒரு புத்தகம் கிடைக்காமல் போகலாம். சொல்வதெல்லாமா கிடைக்காமல் போகும்? டிக்கெட் இல்லாதவன் ஜன்னல் பக்கம் திரும்பி மும்முரமாக வெளியே பார்ப்பான். நீங்கள் அந்தக் காக்கி அட்டையைத் தடவிக்கொடுக்கும் விதம் எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்தியது.

ஒரு மாதம் நானே பொருள் சொன்னேன். சந்தேகம். "ஒங்களுக்கு வேற என்ன தோணும்" என்று வசந்தா மேடம் கேலி செய்தார். எல்லோரும் பைத்தியம் என்று சொன்ன ஒரு போலீஸ்காரன் கடைசியில் ஜெயிக்கும் படத்தைச் சொன்னேன். மேடம் மனைவியின் கடிதங்களைத் திருட்டுத்தனமாகப் படிக்கும் ஒருவனின் நாவலைச் சொன்னார். "அவ சிரிச்சாலும் தப்பு, சிரிக்காட்டியும் தப்புங்க அவனுக்கு" என்று சொல்லும்போது என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. பார்த்தாரா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, இன்றுவரை தெரியாது.

கடைசியில் நீங்கள் நாற்காலியில் ஏறினீர்கள். ஒரு கடலோர ஊர். அக்கா, தங்கை. கல்யாண வீட்டில் அம்மாவின் தோடு காணாமல் போகிறது. வைத்த இடம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அக்கா விருந்தாளிகள் முன்னால் தங்கையின் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்க்கிறாள். தோடு அதில் இல்லை. தங்கை அன்றே ஊரை விட்டுப் போய்விடுகிறாள். வெகு காலத்துக்குப் பிறகு அக்காவுக்கு அவள் இருக்கும் இடம் தெரியவருகிறது. அங்கே நிறுத்திவிட்டு, வழக்கத்துக்கு மாறாக என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"சார், அந்த அக்கா போய் நின்னா என்ன கேப்பா? மொதக் கேள்வி என்னவா இருக்கும்?"

நான் எழுந்தேன். "முதல்ல நான் ஒங்கள ஒரு கேள்வி கேக்குறேன். இப்படி ஒரு புத்தகம் இருக்கா?" மூன்று நூலகங்களில் விசாரித்ததை, பழைய புத்தகக் கடைகளில் தேடியதை, யாரும் கேள்விப்பட்டதே இல்லை என்றதை வரிசையாகச் சொன்னேன். பாய், மேடம் முன்னால், குரலை உயர்த்திச் சொன்னேன். "மடியில வச்சிருக்கீங்களே, அதைக் குடுங்க, பாக்கலாம்."

நீங்கள் கொடுக்கவில்லை. நாற்காலியை விட்டு இறங்கினீர்கள். முகம் வாடியிருந்தது, கோபம் இல்லை. "கெடைக்காதுதான் சார்" என்றீர்கள். "போயிட்டு வரேங்க." ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனீர்கள். அடுத்த இரண்டு மாதம் நீங்கள் வரவில்லை. மூன்றாவது மாதம் கடையில் மூட்டையை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். அவ்வளவுதான் என்று பாய் போனில் சொன்னார்.

சாவு வீட்டிலும் என் புத்தி என்னை விடவில்லை. வாசலில் தாடி வைத்த ஒருவன், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். உள்ளே போகவில்லை, யாரோடும் பேசவில்லை. முந்தின நாள்தான் வாங்கிய என் செருப்பு அங்கே கிடந்தது. அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் அவன் போய்விட்டான். செருப்பு பத்திரமாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இப்போது காக்கி அட்டையைத் திறந்தேன். புத்தகம் இல்லை. நான் சொன்னது சரிதான். பழைய டைரி ஒன்றில் உங்கள் கையெழுத்து. நீங்கள் சொன்ன கதைகள் எல்லாம் குறிப்புகளாக இருந்தன. சாமையும் தினையும் வாங்கப் பச்சைமலைக்கு மாதா மாதம் போவீர்களே, அங்கே கேட்ட மனிதர்களின் கதைகள். கொல்லிமலைக்குக் கட்டிக் கொடுத்த பெண்ணின் கதை, பஸ்ஸுக்காக மூன்று நாள் காத்திருந்த கிழவரின் கதை. ஊரையும் பெயரையும் மாற்றிவிட்டுப் புத்தகம் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு நொடி குதூகலித்தேன், அந்தப் பக்கம் வரும்வரை.

"அக்கா என்றால் அண்ணன். தோடு என்றால் சங்கிலி. கடலோர ஊர் என்று வைத்துக்கொள்வோம், டிடிஆர் சார் உடனே கண்டுபிடித்துவிடக் கூடாது."

இதை உங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன், ஒரு சாயங்காலம் காவிரிப் பாலத்தில் நடந்து வரும்போது. அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பார்த்தபோது பீரோவில் அவள் இரட்டைவடச் சங்கிலி இல்லை. சாவி இருக்கும் இடம் எனக்கும் தம்பி ரவிக்கும் மட்டும்தான் தெரியும். ரவியிடம் கேட்டேன் என்று உங்களிடம் மரியாதையாகச் சொன்னேன். உண்மையில் உறவுக்காரர்கள் முன்னால் அவன் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். சங்கிலி அதில் இல்லை, இன்றுவரை எதிலும் இல்லை. அன்று போனவன்தான் ரவி. இருபத்திரண்டு வருடம்.

பையைக் கொட்டியதை நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கதையில் பெட்டி கவிழ்ந்தது. அன்றைக்கே எனக்கு உறைத்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். அந்தப் பெட்டி கவிழ்ந்தபோது, இவருக்கு எப்படித் தெரியும் என்று பயந்தேன். புத்தகமே இல்லை என்று நிரூபித்துவிட்டால் கதையும் இல்லை என்றாகிவிடும் அல்லவா? அதனால்தான் அவ்வளவு கத்தினேன்.

கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். "கதை கேட்டு டிடிஆர் சார் மனசு இளகினால் இடத்தைச் சொல்லிவிடலாம் என்று ரவி சம்மதித்துவிட்டார். நிபந்தனை ஒன்றே ஒன்று. அண்ணன் வந்தால் சங்கிலியைப் பற்றிக் கேட்கக் கூடாது. எடுத்தேன் என்றும் சொல்ல மாட்டாராம், எடுக்கவில்லை என்றும் சொல்ல மாட்டாராம்." அதற்குக் கீழே, பச்சைமலையில் ரவி மரவள்ளி போடும் ஊருக்குத் துறையூரில் இருந்து பஸ் நேரமும், இறங்கிப் போக வேண்டிய வழியும்.

உங்கள் மனைவிக்குப் போன் போட்டேன். ஏன் என்னிடம் நேரில் தரவில்லை என்றுதான், வழக்கம்போல, முதலில் கேட்டேன். "ஒங்க கோவம் தணியட்டும், நானே குடுக்குறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. நான் வந்து குடுத்தா பிரிக்காமலே திருப்பி அனுப்பிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு" என்றார். பாய்க்கும் மேடத்துக்கும் இது தெரியுமா என்ற கேள்வி வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மூன்று நாள் யோசித்தேன். எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்ல மறுக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? எடுத்திருந்தால் இத்தனை வருடம் மலையில் மரவள்ளி போட்டுக்கொண்டு ஏன் கிடக்கிறான்? நாலாம் நாள் சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் ஏறினேன்.

ரவி வாசலிலேயே இருந்தான். தாடியைப் பார்த்ததும் சாவு வீட்டு வாசலில் நின்றவன் என்று தெரிந்துவிட்டது. அவன்தான் முதலில் பேசினான். "அன்னைக்கு அவரு சாவுல என் காலையே பாத்துக்கிட்டு இருந்தியேண்ணே. மூஞ்சியப் பாப்ப, பாப்பன்னு நின்னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தாறு வயதில், ஒரு வாசலில், சத்தமாக. அவன் மனைவி பதறிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். அவித்த மரவள்ளியும் மிளகாய்த் துவையலும் கொடுத்தாள். நீங்கள் அந்தத் துவையலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவீர்களாமே. உங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். அம்மாவைப் பற்றிப் பேசினோம். அம்மா கழுத்தைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் நான் கிழங்கைத் துவையலில் தோய்த்தேன். ரவி மனைவியின் கழுத்தில் அந்தச் சங்கிலி கிடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தேன், மஞ்சள் கயிறுதான் இருந்தது. பார்த்தது தப்புத்தான். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மலை பஸ் ஹாரன் அடித்தது. படியில் ஒரு கால் வைத்தேன். ரவி என் பையைக் கையில் வைத்திருந்தான். கொடுக்காமல் நின்றான்.

"வேற ஏதாச்சும் கேக்கணுமாண்ணே?"

நாக்கு நுனியில் வந்து நின்றது. இருபத்திரண்டு வருடமாக அங்கேயே நிற்கிற கேள்விதான். அவனுக்கும் அது தெரிந்திருந்தது, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த வாட்டி எந்தக் கெழம வந்தா நீ வீட்ல இருப்ப?" என்று கேட்டேன்.

பையைக் கொடுத்தான். மலை இறங்கும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், நீங்கள் உங்கள் காக்கி அட்டையை வைத்துக்கொள்கிற மாதிரி.

வரும் ஞாயிறு கூட்டம். அந்த நாற்காலியில் நான் உட்காரப்போகிறேன். அண்ணன், தம்பி, சங்கிலி என்று எதையும் மாற்றாமல் சொல்லப்போகிறேன். நான்தான் உங்கள் சட்டத்தைக் கெடுத்து வைத்தவன், அதனால் வசந்தா மேடம் விடமாட்டார். "கடைசியில அவன்தான் எடுத்தானா, இல்லையா சார்?" என்று குடைவார். அதற்குச் சொல்ல வேண்டிய பதிலை இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். தெரியாது மேடம், நான் கேட்கவில்லை.