எனக்கு வந்த இரட்டைப்படைப் பூக்கள்

லோம்,
13 அக்டோபர் 2024, ஞாயிறு.

அன்பு மகள் நெவெனாவுக்கு,

உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிற உன் அப்பா எழுதிக்கொள்வது. முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊரிலிருந்து உனக்கு யார் என்ன சொல்லியிருந்தாலும், நான் சாகவில்லை. நேற்றுக் காலை தொலைபேசியை எடுத்து நான் "அலோ" என்றதும், அந்தப் பக்கம் நீ "அப்பா?" என்றாய். பிறகு ஒரு விசும்பல். பிறகு வைத்துவிட்டாய். ஐந்து வருடத்துக்குப் பிறகு உன் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே சொல் அது. அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். உன்னை அழவைத்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் சந்தோஷம்தான் அதிகம், பொய் சொல்வானேன்.

நான் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். அதனால் செவ்வாய்க்கிழமை நீ இருக்கிற வலென்சியாவுக்குப் புறப்படும் பஸ்ஸில் ஓட்டுநர் கையில் இந்தக் கடிதத்தையும், சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய் மூன்று பாட்டிலையும் கொடுத்துவிடப் போகிறேன். பாட்டில் மூடியை நன்றாகத் துடைத்துவிட்டுத் திற. கடிதத்தை மட்டும் தயவுசெய்து கடைசி வரை படி.

எல்லாவற்றுக்கும் காரணம் உன் க்ரும் மாமா. நாற்பது வருடமாக என்னோடு ஒரே கொட்டகையில் நின்று வரைகிறவன், நல்ல ஓவியன், ஆனால் தலைக்குள் காற்று. எனக்கு எழுபது நிறைந்ததற்காக நம் ஊர் ஓவியர் சங்கம் தனிக் கண்காட்சி ஒன்று வைத்தது. விளம்பரத் தாளை நானே அடிக்கிறேன் என்று க்ரும் முன்வந்தான். வண்ணத்தில் அடிக்காமல் கறுப்பு வெள்ளையில் அடித்தான், அதுதான் கலைநயமாம். நடுவில் என் புகைப்படம். கீழே கொட்டை எழுத்தில் என் பெயர். அதற்கும் கீழே '1954 – 2024'. எழுபது வருடம் என்று ஜனங்களுக்குப் புரியட்டும் என்று போட்டானாம். சுற்றிலும் விரல் தடிமனுக்குக் கறுப்புக் கோடு, அது ஓவியத்தின் சட்டமாம். 'வெள்ளி மாலை ஐந்து மணிக்கு ஓவியக்கூடத்துக்கு அனைவரும் வருக' என்று ஒரு வரி.

இதை எங்கே ஒட்டியிருக்கிறான் தெரியுமா? ரொட்டிக்கடைக் கதவில், பஸ் நிறுத்தத்தில், தேவாலயத்துக்கு எதிரே இருக்கிற எலுமிச்சை மணக்கும் அந்தப் பெரிய மரத்தில், கடைசியாக நம் வீட்டு வாசல் கதவில்! ஊரில் யார் செத்தாலும் சாவு அறிவிப்பு ஒட்டுகிற அதே இடங்களில். நேற்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன். "வேற எங்கடா ஒட்டச் சொல்ற? இந்த ஊர்ல ஜனங்க நின்னு படிக்கிறது அது ஒண்ணுதான்!" என்றான்.

வியாழன் மாலை ஒட்டினான். நான் வெள்ளிக்கிழமை விடிந்ததும் நம் வீட்டுப் பின்வாசல் வழியாகக் கிளம்பி ஓவியக்கூடத்துக்குள் நுழைந்தவன், மாலை வரை வெளியே தலைகாட்டவில்லை. ஆணி அடிப்பதும், ஓவியத்தை மாட்டுவதும், கோணலாக இருக்கிறது என்று இறக்குவதுமாகவே பொழுது போய்விட்டது. மொத்தம் முப்பத்தொரு ஓவியம். நதி, படகு, சந்தை, பனி என்று எல்லாம் இருந்தன. நடுச்சுவரில் மட்டும் ஒரு ஆணி அடித்து, அதில் எதையும் மாட்டாமல் விட்டேன். "ஓட்டைப் பல் மாதிரி இருக்குடா, ஏதாவது மாட்டித் தொலை" என்று க்ரும் திட்டினான். மாட்டவில்லை. அந்த ஆணி எதற்கு என்று உனக்குத் தெரியும், அதற்கு வருகிறேன்.

நம் ஊர்க் கண்காட்சிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று உனக்கே தெரியும். சங்கத்து ஆட்கள் எட்டுப் பேர், அவர்களுடைய மனைவிமார், இலவச ஒயினுக்கு வருகிற அந்த இரண்டு பேர். ஐந்து மணிக்குப் பின்னறையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் திமுதிமுவென்று காலடிச் சத்தம். சுத்தியலைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து பார்த்தால், கூடம் கொள்ளாத கூட்டம்! இருநூறு பேருக்குக் குறையாது. எல்லோரும் கறுப்பு உடையில். இருபது இருபத்தைந்து பேர் கையில் பூக்கட்டு. அம்மாடி, எழுபது வயதில் என் அருமை இந்த ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு கணம் நெஞ்சு விம்மிப் போயிற்று, போ. அப்புறம்தான் பூக்களைப் பார்த்தேன். நாலு, ஆறு, எட்டு. ஒரு கட்டில்கூட ஒற்றைப்படை இல்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு யார் இரட்டைப்படையில் பூக் கொடுப்பார்கள்?

முன்வரிசையில் பக்கத்து வீட்டுப் பெனா. கையில் பெரிய கிண்ணம் நிறைய, இறந்தவன் ஆன்மாவுக்குப் பங்கிடுகிற, சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை. என்னைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, "ஐயையோ! ஸ்பாஸ் அண்ணே, நீங்க சாகலையா?" என்று அலறினாள். "இன்னைக்கு முடியாது பெனா, கண்காட்சி இருக்கு" என்றேன். கூட்டத்தில் யாரோ சிரிக்கப்போய் அடக்கிக்கொண்டார்கள். பெனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காலையில இருந்து அடுப்புல நின்னு வேக வச்சிருக்கேன். இத இப்ப யாரு திங்கிறது?" என்றாள். கொடு என்று வாங்கி நானே நாலு கரண்டி தின்றேன். என் சாவுக்கு வெந்த கோதுமையை நானே ருசி பார்த்தேன் மகளே. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

அதற்குப் பிறகு கூடம் கலகலப்பாகிவிட்டது. சங்கத் தலைவர் ஜேகோ, இருபது வருடமாக ஒவ்வொரு கூட்டுக் கண்காட்சியிலும் என் ஓவியத்தைக் கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டுகிறவர், அன்றுதான் சோபியாவிலிருந்து திரும்பியிருந்தார். ரொட்டிக்கடைக் கதவைப் பார்த்ததும் நாலு பக்கத்துக்கு இரங்கல் உரை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். மெதுவாகக் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். க்ரும் விடுவானா? பிடுங்கி உரக்கப் படித்துவிட்டான். டான்யூப் நதியின் தண்ணீரை என்னைப்போல் வரைந்தவர் எவருமில்லையாம்! ஜேகோவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "செத்தவனப் பத்தி நாலு வார்த்தை கூடச் சொல்றதுதான். நீ அத மனசுல வச்சுக்காத" என்றார். மனசில் வைத்துக்கொள்ளாமல் என்ன? காகிதத்தை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இனி அந்த ஆணி. நெவெனா, ஐந்து வருடமாக உனக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

அம்மா இறந்த நாற்பதாம் நாளுக்கு நீ வந்தாய். சமையலறைச் சுவரில் நான் வரைந்த அவள் படம் இருந்த இடத்தில் வெறும் ஆணி. அந்தப் படத்தில், அடுப்பருகே உட்கார்ந்து மிளகாய் சுடுகிற என் தோன்கா, நீல அங்கி, கரி படிந்த விரல்கள், ஓரத்தில் தட்டு ஏந்துகிற உன் ஒன்பது வயதுக் கை. எங்கே என்று கேட்டாய். ஒயின் தோட்டக்காரன் அசென் நடத்துகிற ஓவிய முகாமுக்குப் போய் ஒரு வாரம் தங்கினேன், விருந்தாளி ஓவியன் ஓர் ஓவியத்தை விட்டுவர வேண்டும், விதி விதிதான் என்றேன். "அம்மாவ ஒரு வாரச் சோத்துக்குக் குடுத்துட்டியா?" என்று கேட்டாய். அன்று மாலை பஸ்ஸிலேயே போய்விட்டாய்.

நடந்தது இதுதான். அந்த ஏழு நாளும் தூரிகையைத் தொட என்னால் முடியவில்லை. மற்றவர்கள் திராட்சைத் தோட்டத்தை வரைந்தார்கள், நான் வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி நாள் கொடுக்க எதுவும் இல்லை. வெறுங்கையோடு போக மானம் இடம் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவளைக் கழற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இன்னொன்றும் உண்டு. அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து தனியாகச் சாப்பிட என்னால் முடியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருப்பாள், தொண்டையில் இறங்காது. இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். விதி, சட்டம் என்று பெரிய பேச்சுப் பேசினேன். தப்பு என்னுடையது.

அதற்குப் பிறகு இரண்டு தடவை அசெனிடம் போய்க் கேட்டேன். மூன்று ஓவியம் தருகிறேன், அந்த ஒன்றைக் கொடு என்றேன். "குடுத்தது குடுத்ததுதான் ஸ்பாஸ். எங்க வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் அந்தம்மா மொகம்தான் மொதல்ல தெரியுது. அவங்க இல்லாம எனக்குக் கூடமே இருட்டு" என்றான். இந்தக் கண்காட்சிக்கு இருபது நாள் இரவல் கேட்டேன். அதற்கும் தலையாட்டவில்லை. அதனால்தான் வெறும் ஆணியை அடித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணி இருக்கும், எல்லோரும் என் சாவுக்கு ரக்கியாச் சாராயம் ஊற்றி என் ஆயுளுக்குக் குடித்துக்கொண்டிருந்தோம். அசென் உள்ளே வந்தான். அவன் ஊர் பஸ் நிறுத்தத்திலும் க்ரும் ஒன்று ஒட்டியிருக்கிறான், பார்! கண் சிவந்திருந்தது. கம்பளியில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் தாங்கியிருந்தான். அந்த அளவை நான் எங்கே பார்த்தாலும் அறிவேன், சட்டத்தை அடித்ததே நான்தானே. "ஸ்பாஸோட பொண்ணு எங்க? அவ கையில ஒப்படைக்கணும்" என்றவன், கையில் கோப்பையோடு நிற்கிற என்னைப் பார்த்தான். பிறகு, "உயிரோடவா இருக்க? அப்ப வர்றேன்" என்று கம்பளிப் பொதியோடு வாசலை நோக்கித் திரும்பிவிட்டான்!

பெனாதான் பாய்ந்து, கோதுமைக் கிண்ணத்தோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "நில்லு அசென். செத்தவங்களுக்குன்னு கொண்டு வந்தத யாராச்சும் வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போவாங்களா?" என்று கேட்டாள். "இவன்தான் சாகலையே!" என்று கத்தினான் அவன். "தோன்கா செத்தவதானே? உன் கையில இருக்கிறது யாரு?" என்றாள் பெனா.

அசென் பொதியைப் பார்த்தான். பிறகு நடுச்சுவருக்கு நடந்து போய், கம்பளியைப் பிரித்து, என் ஆணியில் அவனே மாட்டினான். உன் அம்மா அங்கே வந்துவிட்டாள் நெவெனா! அவன் கூடத்து அடுப்புப்புகை ஐந்து வருடத்தில் படத்தின்மேல் கொஞ்சம் படிந்திருக்கிறது, ஈரப்பஞ்சால் துடைத்தால் போய்விடும். சிவப்பு அப்படியே இருக்கிறது. நான் எல்லோர் முன்னாலும் அழுதேன். ஜேகோகூட மூக்கைச் சிந்தினார்.

ஆனால் அசென் ஒரு நிபந்தனை போட்டான். "இவன் கையில குடுக்க மாட்டேன். அன்னைக்கு இவன் கையாலதான போச்சு? பொண்ணு வரட்டும், அவ கையில குடுக்கிறேன். முப்பத்தொண்ணாம் தேதி கண்காட்சி முடியுது. அதுக்குள்ள வரலன்னா, நான் கொண்டு போயிடுவேன். அப்புறம் நீ நெஜமாவே செத்தாலும் குடுக்க மாட்டேன்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது நியாயம்.

வாங்கிக்கொண்டு நீ வலென்சியாவுக்கே எடுத்துப் போனாலும் சரி. என் சுவரில் மாட்டு என்று கேட்க மாட்டேன். அடுத்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டுமென்றாலும் திரும்பு. வேலையில் விடுப்புக் கிடைக்காது என்று தெரியும், உன் ஆஸ்பத்திரி மேலதிகாரியிடம் அப்பா செத்துவிட்டார் என்று சொல். அத்தாட்சிக்கு க்ரும் அடித்த தாள் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். அன்று வந்த பூவெல்லாம் வீட்டில் வாளிகளில் நிற்கிறது, எல்லாம் சாமந்தி. நேற்று நீ தொலைபேசியை வைத்த பிறகு, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு பூவை உருவிவிட்டேன். இப்போது எல்லாம் ஒற்றைப்படை, உயிரோடிருக்கிறவன் வீட்டில் வைக்கலாம். உருவியது மொத்தம் இருபத்து மூன்று. அம்மாவின் கல்லறைக்கு எடுத்துப் போனேன். அங்கே இரட்டைப்படைதானே வைக்க வேண்டும்? இருபத்திரண்டை வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொண்டு வந்தேன். சமையலறை மேஜைமேல் தண்ணீரில் நிற்கிறது. தினமும் தண்ணீர் மாற்றினால் மாதக் கடைசி வரை தாங்கும்.

நீ வரும்போது ஒரே ஒரு பூ வாங்கி வா, மகளே. இரண்டாக்கி அம்மாவிடம் கொண்டு போவோம்.

கடவுள் உன்னை நோயின்றி, குறையின்றி வைத்திருக்கட்டும்.

வாசலைத் திறந்து வைத்திருக்கும்,
உன் அப்பா
ஸ்பாஸ்