மண்ணைக் கழுவினோம், ரூத்

என் ரூத்துக்கு,

அங்கேயும் உனக்குப் பேச ஆள் கிடைத்திருக்கும். நீ சும்மா இருப்பவள் இல்லை. இங்கே தோட்டத்தில்தான் சத்தம் குறைந்துவிட்டது. "ஏய் கத்தரி, இன்னா இன்னும் தூங்கிகினு கீற?" என்று செடியை அதட்ட யாரும் இல்லை. நான் ஒருமுறை முயன்று பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு கொஞ்ச நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. காலனிப் பிள்ளைகள் எல்லோருமாகத் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் போட்ட பாத்திகள் அப்படியே கிடந்தன. பிறகு பிள்ளைகளே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மறுபடி கத்தரி நட்டோம்.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். மீன் கழிவு செடிக்கு நல்ல உரம் என்று நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் கருவாடு ஊறின தண்ணீரும் உரம்தானே என்று ஆறாம் வகுப்பு மெர்சியும் அவள் கூட்டமும் நினைத்துவிட்டார்கள். கருவாடு போடும் வீடுகளில் கேட்டு வாங்கி, வாளி வாளியாகப் பாசத்தோடு ஊற்றியிருக்கிறார்கள். கன்றுகள் கருகி மடங்கிவிட்டன. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது.

அதைப் பார்க்க வார்டு மெம்பர் வந்தார். "இது இன்னா, தோட்டமா உப்பளமா? மாசி மகத்துக்கு அவ்ளோ வேன் வருது, நிறுத்த எடமில்ல. அதுக்குள்ள இங்க பச்சையா எதுனா தெரிஞ்சா பாப்போம். இல்லன்னா எடத்த வுட்டுடுங்க" என்றார். நம் அப்பாக்களும் தலையாட்டினார்கள். ரூத், கடற்கரையெல்லாம் விடுதி, சாலையோரமெல்லாம் கல்பட்டறை. நமக்கென்று வேறு எந்த இடம் இருக்கிறது?

நான் அழவில்லை. நூலகத்துக்குப் போனேன். நம்முடையதுபோல் மணலாக இருந்தால், நல்ல தண்ணீரை நிறைய ஊற்றினால் உப்பு கீழே இறங்கிவிடும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில், எல்லா வீட்டுக்கும் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, ஆளுக்கொரு குடம் தூக்கினோம்.

குழாயடியில் கேலிக்குக் குறைவில்லை. "இன்னாடி, மண்ணக் கழுவறீங்களாமே? சோப்பு வேணாவா?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"நீ வாங்கிக் குடுக்கா, போட்டுப் பாக்கறோம்" என்றாள் மெர்சி. அந்த வாய் அப்படியே உன்னுடையது.

திரும்பக் கத்தரி நட நேரமில்லை. கொஞ்சம் உப்பு மிச்சமிருந்தாலும் தாங்கும் என்று பருப்புக்கீரை விதைத்தோம். முளைத்தது, ரூத். தரையோடு தரையாக, கொழுகொழுவென்று.

மகத்துக்கு முந்தின நாள் மெம்பர் வந்து பார்த்தார். "இது களை மாதிரி கீதே" என்றார்.

அப்போது உன் அம்மா, என் சித்தி, வந்தார். உனக்குப் பிறகு சித்தி அந்தத் தொட்டிப் பக்கம் காலே வைத்ததில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. நேரே பாத்தியில் இறங்கி, ஒரு கொத்தைக் கிள்ளி, முந்தானையில் துடைத்து வாயில் போட்டு மென்றார். "கீரதாண்ணா. நல்லா புளிப்பா கீது. இந்தா, நீயும் துன்னு பாரு."

மெம்பருக்கு வேறு வழி? தின்றார். "சரி சரி, இந்த வருசம் வேனுங்க ஸ்கூலாண்ட நிக்கட்டும்" என்றார்.

சித்தி அங்கேயே உட்கார்ந்து எங்களுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தார். எழுந்து போகும்போது, "நாளைக்கும் வரேன்" என்றார். வந்தார். இப்போதும் வருகிறார். இதெல்லாம் உனக்குத் தெரிகிறதா?

"இந்த வருசம்" என்று மெம்பர் சொன்னதை நான் கவனிக்காமல் இல்லை. அடுத்த மகத்துக்கும் வேன்கள் வரும். அதற்குள் சுற்றிலும் வேலி கட்டியிருப்போம். அதன்மேல் அவரைக்கொடி படர்ந்திருக்கும். பாத்தி நிறையக் கத்தரி காய்த்திருக்கும். வண்டியை நிறுத்த நினைப்பவர் காய்த்த செடிமேல்தான் ஏற்ற வேண்டியிருக்கும். நான் படிக்க வெளியூர் போனாலும் மெர்சி இருப்பாள். அவளுக்குப் பிறகு வருபவர்களுக்கும் குடம் தூக்கப் பழக்கிவிட்டுத்தான் போவேன். அந்த இடம் பிள்ளைகளுடையதாகவே இருக்கும். இது சத்தியம்.

நீ ஒருநாளும் அக்கா என்று கூப்பிடாத உன் அக்கா,
கலைவாணி